மாடல் டி-க்கு முன்பே ஆயிரக்கணக்கில் விற்ற கார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் போர்டு மாடல் டி காரைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 1913-இல் போர்டின் ஹைலண்டு பார்க் தொழிற்சாலைக்கு, வண்டி நகர்ந்து வர ஆட்கள் நின்ற இடத்திலேயே பாகங்களைப் பூட்டும் நகரும் பொருத்துவரிசை வந்தபின், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்த, ஒரு காரைப் பூட்டி முடிக்கும் வேலை ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கிய விதத்தைக் கட்டுரையாளர் நன்றாக விளக்கியிருக்கிறார். ஆனால், ஒரே மாதிரியான கார்களை ஆயிரக்கணக்கில் செய்து விற்க முடியும் என்று அமெரிக்காவில் முதலில் காட்டியவர் ஹென்றி போர்டுதான் என்று அதில் எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. மாடல் டி விற்பனைக்கு வந்தது 1908 அக்டோபரில். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 650 டாலர் விலையில், கர்வ்டு டேஷ் ஓல்ட்ஸ்மொபைல் என்ற சிறிய கார் அந்த வேலையைத் தொடங்கிவிட்டது.

மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் தந்தையின் இயந்திரப் பட்டறையில் தொழில் கற்ற ரான்சம் ஈலை ஓல்ட்ஸ், 1897-இல் தம் முதல் கார் நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு சாமுவேல் ஸ்மித் என்ற செல்வந்தரின் முதலீட்டில், 1899-இல் ஓல்ட்ஸ் மோட்டார் வொர்க்ஸ் என்ற பெயரில் டெட்ராய்டின் ஜெபர்சன் அவென்யூவில் புதிய தொழிற்சாலை எழுந்தது. அங்கே உருவான இந்தச் சிறு வண்டிக்கு இருக்கையின் அடியில் படுக்கைவாட்டில் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். கொள்ளளவு ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல், திறன் சுமார் ஐந்து குதிரைத் திறன். முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை நீண்டு செல்லும் பட்டை வில்களே வண்டியின் சட்டகத்துக்கும் துணை நின்றன. ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. படகின் சுக்கான் பிடியைப் போன்ற ஒரு தண்டைத் திருப்பி ஓட்ட வேண்டும். காலடிப் பலகை முன்பக்கம் மேல்நோக்கிச் சுருண்டு நின்றதால்தான் வண்டிக்கு, வளைந்த முன்பலகை என்று பொருள்படும் ‘கர்வ்டு டேஷ்’ என்ற பெயர் வந்தது. இரண்டு முன்வேகங்கள் கொண்ட அதன் கோள்வகைப் பற்சக்கர கியர் அமைப்பைப் பின்னாளில் மாடல் டி-யிலும் காணலாம் என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம்.

இந்தக் காரின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் 1901 மார்ச் 9 அன்று நடந்த தீ விபத்தில்தான் தொடங்குவார்கள். தொழிற்சாலை எரிந்தபோது நேரக்கணக்கர் ஜேம்ஸ் பிரேடி ஒரே ஒரு மாதிரி வண்டியை மட்டும் வெளியே தள்ளிக் காப்பாற்றினார் என்றும், மின்சாரக் கார் உட்பட மற்ற மாதிரிகள் எல்லாம் அழிந்துவிட்டதால் நிறுவனம் வேறு வழியின்றி இந்தச் சிறு வண்டியைக் கையில் எடுத்தது என்றும் சொல்லப்படும். ஓல்ட்ஸே பிற்காலத்தில் சொல்லிவந்த கதை இது. கேட்பதற்கு நன்றாக இருந்தாலும் முழுவதும் நம்பத்தக்கதல்ல என்பதே என் கருத்து. தீ பிடிப்பதற்கு முன்பே இந்த மாடலுக்கு விளம்பரங்கள் வெளியாகி, முந்நூறுக்கும் மேற்பட்ட ஆர்டர்கள் வந்திருந்தன. எதை விற்க வேண்டும் என்ற முடிவைத் தீ எடுக்கவில்லை. இருந்த இயந்திரங்கள் போய்விட்ட நிலையில், பாகங்களை வெளிப் பட்டறைகளில் செய்து வாங்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியைத்தான் அது கூட்டியது.

அந்த நெருக்கடியின் விளைவுதான் என் கடிதத்தின் மையம். கியர் பெட்டிகள் ஜான், ஹோரேஸ் டாட்ஜ் சகோதரர்களின் பட்டறையிலிருந்து வந்தன. எஞ்சின்களை ஹென்றி லேலண்டின் லேலண்டு அண்டு பால்கனர் நிறுவனம் செய்துகொடுத்தது. ரேடியேட்டர் முதலிய தகர வேலைகள் பெஞ்சமின் பிரிஸ்கோவிடம் போயின. 1901-இல் 425 வண்டிகளாக இருந்த உற்பத்தி மறு ஆண்டில் 2,500 ஆயிற்று. 1904-இல் 5,508-ஐத் தொட்டது. ஆவியில் ஓடிய லோகோமொபில் வண்டிகளும் அதே காலத்தில் ஆயிரக்கணக்கில் விற்றன என்பது உண்மைதான். ஆனால் அவை சீக்கிரமே வழக்கொழிந்தன. பெட்ரோல் காரும் அதற்குப் பாகம் செய்யும் பட்டறைகளும் டெட்ராய்டில் நிலைத்தன.

நிலைத்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். லேலண்டு தம் எஞ்சினைத் திருத்தி, பத்துக் குதிரைத் திறனைத் தாண்டச் செய்து ஓல்ட்ஸ் நிறுவனத்திடம் காட்டினார். கருவிகளை மாற்றியமைத்தால் உற்பத்தி தாமதமாகும் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். 1902 ஆகஸ்டில், ஹென்றி போர்டு விலகிச் சென்றிருந்த ஹென்றி போர்டு கம்பெனியை மூடிவிடும் நோக்கத்துடன், அதன் சொத்துகளை மதிப்பிட்டுத் தருமாறு முதலீட்டாளர்கள் லேலண்டை அழைத்தபோது, அவர் அதே எஞ்சினைக் காட்டி, மூடாமல் தொடருங்கள் என்றார். கேடில்லாக் கார் நிறுவனம் பிறந்தது அப்படித்தான். அதன் ஒற்றைச் சிலிண்டர் கார்கள் மூன்றை 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் முழுவதும் பிரித்து, பாகங்களைக் கலந்துவிட்டு, மீண்டும் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டியதற்காக அந்நிறுவனத்துக்கு, கார் துறைச் சாதனைக்காக இங்கிலாந்தில் வழங்கப்பட்ட டூவர் கோப்பை கிடைத்தது. எந்தப் பாகமும் எந்த வண்டிக்கும் பொருந்தும் என்ற அந்தத் துல்லியம்தான், ஐந்தாண்டு கழித்து வந்த நகரும் வரிசைக்கும் அடிப்படையான தேவை.

டாட்ஜ் சகோதரர்களோ 1903-இல் போர்டு பக்கம் சாய்ந்தார்கள். முதல் போர்டு கார்களின் எஞ்சின், கியர், அச்சு ஆகியவை அவர்கள் பட்டறையில் செய்யப்பட்டவை; அவ்வாண்டு ஹென்றி போர்டு புதிதாகத் தொடங்கிய போர்டு மோட்டார் கம்பெனியில் அவர்களுக்குப் பங்கும் இருந்தது. ஆக, போர்டின் தொடக்கமே ஓல்ட்ஸுக்காக வேலை செய்து கை பழகிய பட்டறையின் மீது நின்றது. பிரிஸ்கோ, ஓல்ட்ஸிடம் பணியாற்றிய ஜோனதன் மேக்ஸ்வெல்லுடன் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் வழியில்தான் 1925-இல் கிரைஸ்லர் கார் நிறுவனம் உருவாயிற்று.

ராய் சேப்பின் என்ற இளைஞரையும் விட்டுவிட முடியாது. 1901 அக்டோபர் இறுதியில், நியூயார்க் கார் கண்காட்சிக்காக, டெட்ராய்டிலிருந்து இந்தச் சிறு காரை அவர் ஓட்டிச் சென்றார். சுமார் 820 மைல் தூரத்தைக் கடக்க ஏழரை நாட்கள் ஆயின. சேறு தாங்காமல் ஒரு கட்டத்தில் ஈரி கால்வாயின் கரையில், படகிழுக்கும் கோவேறு கழுதைகளுக்கான பாதையில் வண்டியை ஏற்றிவிட்டார். அந்தக் கழுதைகளை ஓட்டியவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1905-இல் இரண்டு ஓல்ட்ஸ் வண்டிகள் நியூயார்க்கிலிருந்து ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டு வரை போட்டியிட்டு ஓடின. வென்ற வண்டி 44 நாட்களில் போய்ச் சேர்ந்தது. சேப்பின் பின்னாளில் ஹட்சன் கார் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவராகி, 1932-இல் அமெரிக்க வணிகத் துறைச் செயலராகவும் ஆனார்.

இவ்வளவு இருந்தும் ஓல்ட்ஸின் பெயர் ஏன் பின்தங்கியது என்பதற்கு விடை அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருக்கிறது. முதலாளியின் மகன் பிரெடரிக் ஸ்மித், பெரிய, விலை உயர்ந்த கார்களைச் செய்ய விரும்பினார். கருத்து வேறுபாடு முற்றி, 1904-இல் ஓல்ட்ஸ் வெளியேறி, தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ரியோ என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். 1907-உடன், மொத்தம் சுமார் 19,000 வண்டிகளுக்குப் பிறகு, கர்வ்டு டேஷ் வரிசை முடிவுக்கு வந்தது. பழைய நிறுவனத்தின் விற்பனை 1908-இல் ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. அவ்வாண்டு நவம்பரில் அதை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிக்கொண்டது. அதற்கு முந்தைய மாதம்தான் மாடல் டி வெளிவந்திருந்தது. எளிய, மலிவான காருக்கு இருந்த சந்தையைக் கண்டுபிடித்த நிறுவனமே அதைக் கைவிட்டுப் போன இடத்தில் போர்டு வந்து நின்றார் என்பதுதான் நடந்தது.

நகரும் வரிசையும், நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலியும், ஒன்றரைக் கோடி வண்டிகளும் போர்டின் சாதனைகள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கட்டுரை தொடராக வரவிருப்பதாகக் குறிப்பிட்டிருப்பதால், அடுத்த பகுதியில் டெட்ராய்டின் கதையை 1901-இலிருந்து சொல்லுமாறும், லேலண்டு, டாட்ஜ் பட்டறைகளுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்