பாடி எர்த்தை முதலில் பார்

அன்புள்ள பாப்பா,

லாரிக்கு சிபி ரேடியோ (ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசும் ரேடியோ) வாங்கிவிட்டேன், இன்னும் மாட்டவில்லை என்று நேற்று போனில் சொன்னாய். மாட்டுவதற்குமுன் இதைப் படித்துவிடு. இங்கே சிங்கப்பூரில் துவாஸிலிருந்து சாங்கிவரை ஓட்டினாலும் 50 கிலோமீட்டர்தான், போன் சிக்னல் கூடவே வரும். கனடாவில் உனக்கு வினிபெக்கிலிருந்து தண்டர் பே போகவே 700 கிலோமீட்டர். பனியில் ஒரு லாரி குறுக்கே கிடந்தால், சிக்னல் இல்லாத இடத்தில் லாரிக்காரர்கள் பேசும் 19ஆம் சேனல்தான் உனக்குச் சொல்லும்.

சாதாரண ஏ.எம். சிபி ரேடியோ எதுவானாலும் சட்டப்படி 4 வாட்தான். தூரம் எட்டுவது ஆண்டெனாவால். அதிலும் நீ வாங்கியிருக்கும் 4 அடி ஃபைபர் கம்பு பாதிதான். மறுபாதி லாரியின் உலோகம். 27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 11 மீட்டர். கால் பங்கென்றாலும் 2.75 மீட்டர் வேண்டும். கம்பியைச் சுற்றிச் சுற்றித்தான் 4 அடிக்குள் அடக்கியிருக்கிறார்கள். பாடி எர்த், அதாவது ஆண்டெனாவின் அடிக்கும் லாரி உலோகத்துக்கும் உள்ள மின் இணைப்பு, சரியில்லை என்றால் கம்பை எவ்வளவு திருகினாலும் பயனில்லை.

ஆண்டெனாவைப் பக்கக் கண்ணாடியின் பிராக்கெட்டில் மாட்டு. கம்பின் மேல்பகுதி கேபின் கூரைக்கு மேலே தெரியவேண்டும். பிராக்கெட்டின் அடியில் பெயின்ட்டை மணல்தாளால் தேய்த்து, பளபளவென்று உலோகம் தெரிந்தபிறகு ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கு. கண்ணாடிக் கை பெரும்பாலும் கீல், ரப்பர், பிளாஸ்டிக் வழியாகத்தான் கதவில் நிற்கும். அதனால் பிராக்கெட்டிலிருந்து சேசிஸுக்குப் பின்னல் செம்புப் பட்டை ஒன்று இழு. அங்கே சாலையில் உப்பு கொட்டுவார்கள், தேய்த்த இடம் ஒரே குளிர்காலத்தில் அரித்துவிடும். இறுக்கியபின் மேலே கிரீஸ் தடவு.

அதிகம் பேர் சறுக்குவது அந்தச் சின்ன வெள்ளை நைலான் வாஷரில். அதன் நடுவில் ஒரு மேடு இருக்கும். அந்த மேடு பிராக்கெட் ஓட்டைக்குள் சரியாக உட்காரவேண்டும். உட்காராவிட்டால் ஸ்டட் (கம்பைத் திருகி மாட்டும் ஆணி) பிராக்கெட்டைத் தொட்டு ஷார்ட் ஆகிவிடும்.

கம்பைக் கழற்றி, ரேடியோவிலிருந்து கேபிளையும் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரால் மூன்று இடம் பார். பிராக்கெட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 1 ஓமுக்குள் வரவேண்டும். கேபிள் பிளக்கின் நடு முள்ளுக்கும் ஸ்டட்டுக்கும் இணைப்பு இருப்பதைக் காட்டும் பீப் வரவேண்டும். நடு முள்ளுக்கும் பிளக்கின் வெளி உலோக ஓட்டுக்கும் பீப் வரவே கூடாது. வந்தால் வாஷரைப் பார், இல்லையென்றால் பிளக்கைத் திற. கேபிள் வலையின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும்.

மின்சாரத்தை பேட்டரியிலிருந்தே எடு, சிவப்பு வயரில் ஃபியூஸோடு. ஆண்டெனா கேபிள் கதவுக் கீலில் நசுங்காமல் வரட்டும். மிச்சத்தை இறுக்கமாகச் சுருட்டாதே, எட்டு வடிவில் தளர்வாகக் கட்டு.

பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர், அனுப்பும் சக்தி ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது. சுவர், மரம், வேறு லாரி பக்கத்தில் இல்லாத திறந்தவெளியில் நிறுத்தி, கதவுகளைச் சாத்து. மீட்டரை ரேடியோவுக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே இணை. சேனல் 1இல் மைக்கை அழுத்தி முள்ளை 'செட்' கோட்டுக்குக் கொண்டுவந்து, சுவிட்சை மாற்றி அளவைப் படி. பேசவேண்டாம், சில வினாடி போதும். 19, 40இலும் இதையே செய். 1இல் அதிகம், 40இல் குறைவு என்றால் ஆண்டெனா குட்டை. நுனித் திருகை வெளியே எடு. தலைகீழாக வந்தால் உள்ளே விடு. ஒரு தடவைக்கு அரைச் சுற்றுக்கு மேல் திருகாதே. ஒவ்வொரு தடவையும் தொப்பியை மாட்டியே அள, தொப்பியும் அளவை மாற்றும். 1.5க்குக் கீழே நல்லது, 2 வரை ஓட்டலாம். எல்லாச் சேனலிலும் 3க்கு மேல் நின்றால் திருகைத் தொடாதே, மைக்கையும் அழுத்தாதே, ரேடியோ வெந்துவிடும். எர்த்துக்கும் வாஷருக்கும் திரும்பிப் போ.

இரண்டு பக்கமும் ஆண்டெனா வேண்டுமா என்று கேட்டாய். இரண்டுக்கும் இடையே 8, 9 அடி இருந்தால்தான் பயன், அதற்கு 75 ஓம் இரட்டைக் கேபிளும் வேண்டும். எர்த் நன்றாக உள்ள ஒன்றே உனக்குப் போதும் என்பது என் எண்ணம்.

சிம் லிம் டவரில் நல்ல மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை அனுப்புகிறேன். மூன்று சேனல் அளவையும் எழுதி, பிராக்கெட்டின் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா