இரவுப் போட்டி லைட் விஷயமாக நம் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அப்பா காலத்திலிருந்தே நம் கடைக்கு வருகிறவர்கள் இருக்கிறீர்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏற ஹெட்லேம்ப் வாங்குகிறவர்களும் இரவில் மீன் பிடிக்கப் போகிறவர்களும் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். துப்பாக்கி சுடும் கிளப் நண்பர்கள் மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாத இரவுப் போட்டிக்குப் பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. என் மைத்துனரே அதை எனக்கு அனுப்பி, "இது நம்ம கடையா மாமா?" என்று கேட்டுவிட்டார். 2,000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) என்று சொல்லி விற்ற டார்ச் லைட் மூன்று நிமிடத்தில் மங்கிவிட்டதாம், சுடும்போது டிஸ்கோ மாதிரி மின்னியதாம், கடைக்காரர் பொய்க் கணக்கு சொல்லி ஏமாற்றிவிட்டாராம். மங்கியதும் மின்னியதும் நடந்திருக்கும், மறுக்கவில்லை. பொய்க் கணக்கு என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

பெட்டியில் போட்டிருக்கும் லூமென் என்ன கணக்கு என்று சொல்கிறேன். டார்ச் லைட்டுகளுக்கு எஃப்எல்1 என்று ஒரு அளவுமுறை 2009 முதல் இருக்கிறது. அதன்படி லைட்டைப் போட்ட 30 வினாடியிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் வெளிச்சத்தை அளப்பார்கள். எத்தனை மணி நேரம் எரியும் என்பதும் வெளிச்சம் முதலில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்கும் சேர்த்த கணக்கு. விரல் நீளத்து லைட்டில் 2,000 லூமென் எரிந்தால் சூடு எங்கே போகும்? கை பொறுக்காது, உள்ளே எல்இடியும் கெட்டுப்போகும். அதனால் லைட்டே தன்னைக் குறைத்துக்கொள்ளும். நம் ஊர் இரவுப் புழுக்கத்தில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். பழுது இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். போட்டியில் ஒரு சுற்று ஒரு நிமிடம்கூட ஓடாது. முறை வரும்வரை அணைத்து வைத்திருந்தால் மங்கியே இருக்காது.

இன்னொன்று, தூரத்து இலக்குக்கு லூமென் பெரிதல்ல, கேண்டெலாதான் பெரிது. மொத்த வெளிச்சம் எவ்வளவு என்பது லூமென். நடுக்கதிர் எவ்வளவு கூர்மை என்பது கேண்டெலா. 10,000 கேண்டெலா என்றால் கணக்குப்படி வெளிச்சம் 200 மீட்டர் எட்டும், 40,000 என்றால் 400 மீட்டர். அந்தத் தூரத்தில் பௌர்ணமி நிலா அளவு வெளிச்சம்தான் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்காகப் பெரிய எண்ணைத் தேடி ஓட வேண்டாம். காற்றில்லாத ஈரமான இரவில் நாலு தோட்டா போனதும் புகை அப்படியே நிற்கும். அகலமாகப் பரவும் லைட் அந்தப் புகையை வெள்ளைத் திரையாக்கிவிடும். இலக்காக வைத்த, வெள்ளை பெயின்ட் அடித்த இரும்புத் தகடு பக்கத்தில் இருந்தால் கண்ணே கூசும். 15, 20 மீட்டருக்கு 800 முதல் 1,000 லூமென், நடுவில் கூர்மை, ஓரத்தில் லேசான பரவல்: இது போதும் என்பது என் அபிப்பிராயம்.

மின்னியதற்கு வருகிறேன். அந்த லைட் முகாமுக்குப் போகிறவர்களுக்கானது, ஐந்து மோட் (எரியும் விதம்) உள்ளது. பின் பட்டனை அரைகுறையாக அழுத்தினால் மோட் மாறும், அதில் ஒன்று மின்னுவது. துப்பாக்கியோடு சேர்த்துப் பிடித்த கையில், சுடும் அதிர்வில், விரல் எங்கே நிற்கும்? போட்டிக்கு ஒரே மோட் வேண்டும். அழுத்தினால் எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும். இதை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது நாங்கள்தான். நம் கடையில் இதெல்லாம் தெரிந்த தம்பி மார்ச் மாதம் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்குப் பெட்டியில் பெரிதாக இருக்கும் எண்தான் தெரிந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் குரல் பதிவு போட்ட அந்த அண்ணன் லைட்டைக் கொண்டுவந்தபோது உள்ளே இருந்த பேட்டரி நம்முடையது அல்ல. 18650 என்ற பேட்டரி அளவில் 9,900 எம்ஏஎச் (மின்சாரம் எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு) என்று எழுதியிருந்தது. அந்த அளவில் நல்ல பேட்டரியே 3,500 பக்கம்தான் வரும். ஆன்லைனில் சில ரிங்கிட் மிச்சம் பிடித்திருக்கிறார், பழி மட்டும் நமக்கு வந்திருக்கிறது. சரி, விடுங்கள்.

சிஆர்123ஏ என்ற சின்ன லித்தியம் பேட்டரி இரண்டு போடும் லைட்டில் இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் சூடாகி வெடிக்கக்கூடும். அப்புறம், ஹெட்லேம்ப் போட்டுக்கொண்டு சுடாதீர்கள். கண்ணுக்கு நேர் மேலே இருப்பதால் புகையில் பட்ட வெளிச்சம் நேராக உங்கள் கண்ணுக்கே திரும்பும், சுடுவதைக் கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீசர் முகத்திலும் அடிக்கும். மேகசினில் தோட்டா போட மங்கலான சிவப்பு வெளிச்சம் போதும். அந்த வெளிச்சத்தில் சிவப்புக் குறிகள் தெரியாது, அதை மட்டும் நினைவில் வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி நிறமில்லாததாக, பனி பிடிக்காததாக இருக்கட்டும். பகலில் போடும் கறுப்புக் கண்ணாடியோடு இரவில் வந்தவரையும் நான் பார்த்திருக்கிறேன். துப்பாக்கி மேல் பொருத்தும் எதையும் நாங்கள் விற்பதில்லை, அதைக் கிளப்பிலும் போலீஸ் உரிமம் பார்க்கும் இடத்திலும் கேளுங்கள்.

அந்த லைட்டை வாங்கிய நால்வருக்கும் ஒரே மோட் உள்ள லைட்டாக மாற்றித் தருகிறேன், கூடுதல் காசு வேண்டாம். பில் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, முகம் தெரியும். குரல் பதிவு வந்த பிறகும் பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி வந்து, "நீங்க அப்படிப்பட்டவர் இல்லைன்னு தெரியும்" என்று சொல்லி இரண்டு லைட் வாங்கிப்போன குடும்பத்தை நான் மறக்க மாட்டேன். உங்களைப் போன்றவர்களால்தான் கடை ஓடுகிறது.

சனிக்கிழமை இரவு எட்டரைக்கு ஷட்டரை இறக்கிய பிறகு பின்சந்தில் லைட்டுகளைப் போட்டுக் காட்டுகிறேன். சுவரில் பார்த்து, கையில் பிடித்து, சூடு எப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். உங்கள் பேட்டரியையும் கொண்டுவந்தால் அளந்து சொல்வேன். இரவல் லைட்டுக்கு இனி 50 ரிங்கிட் முன்பணம், சிஆர்123ஏ ஒன்றுக்கு 2 ரிங்கிட் கூடியிருக்கிறது, பிரித்த பேட்டரியைத் திரும்ப எடுப்பதில்லை.

சனிக்கிழமை தேநீர் என் செலவு.

இப்படிக்கு,
உங்கள் லைட்டுக் கடைக்காரர்