புயல் இரவில் அணுவுலை அவசரநிலை: கல்பாக்கம் வெளிவளாகத் திட்டத்தை மறுமதிப்பீடு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டருக்குள் வசிக்கும் பொறியாளர்கள், மருத்துவர்கள், பேரிடர் மேலாண்மைப் பணியாளர்கள்

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தலைவர், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம்,
செங்கல்பட்டு.

பொருள்: கல்பாக்கம் வெளிவளாக அவசரநிலைத் திட்டத்தைப் புயல், வெள்ளம், மின்துண்டிப்பு ஆகியவை ஒன்றாக வரும் நிலையை வைத்து மறுமதிப்பீடு செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்பாக்கத்தில் கதிரியக்கம் வளாகத்தைத் தாண்டும் நிலை வந்தால், மதிலுக்கு வெளியே உள்ள மக்களைக் காக்கும் பொறுப்பு தங்களுடையது. கார்த்திகை மாதப் புயல் இரவில் மின்சாரம், சாலை, செல்பேசி மூன்றும் போன நேரத்தில் அணுவுலையிலும் கோளாறு ஏற்பட்டால், அதற்காகத் தங்கள் கையில் இருக்கும் வெளிவளாகத் திட்டம் நடைமுறையில் செயல்படுமா என்பதைச் சோதித்து, குறைகளைச் சரிசெய்யுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மனு.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீர் உள்ளிழுக்கும் சுரங்கம் வழியாகப் பம்ப் ஹவுஸில் ஏறிய நீர் கடல்நீர்ப் பம்புகளை முடக்கியது. ஓடிக்கொண்டிருந்த 2-ஆம் அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. பக்கத்தில் தோண்டப்பட்டிருந்த அதிவேக ஈனுலையின் (எரிப்பதைவிட அதிகமாக எரிபொருளை உண்டாக்கும் உலை) அடித்தளக் குழி மூழ்கியது. நிலையம் தாங்கியது உண்மை. ஆனால் அன்று வெளி மின்தொகுப்பின் இணைப்பு அறுபடவில்லை, மழை இல்லை, பகல் வெளிச்சம் இருந்தது. அந்த அனுபவத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால், வடகிழக்குப் பருவமழைப் புயலுக்கு நாம் தயாராகவில்லை என்றே பொருள். 2016-இல் வர்தா புயல் சென்னைப் பகுதியின் மின்கம்பிகளையும் செல்பேசிச் சேவையையும் முறித்துப் போட்டது. 2022 டிசம்பரில் மாண்டஸ் கரையைக் கடந்ததே மாமல்லபுரத்தின் அருகில்தான்.

உலையை நிறுத்திவிட்டால் ஆபத்து முடிந்துவிடாது. எரிபொருளில் கதிரியக்கச் சிதைவால் எச்சவெப்பம் தொடர்ந்து உண்டாகும். 220 மெகாவாட் மின்சாரம் தரும் உலை முழுத்திறனில் சுமார் 750 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கும். நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குப் பின் அதில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு, அதாவது 11 மெகாவாட் வெப்பம் இருக்கும். அதை நீரை ஆவியாக்கி வெளியேற்ற மணிக்குச் சுமார் 15 டன் தண்ணீர் வேண்டும். ஒரு நாள் கழித்தும் மணிக்கு 5 டன் வேண்டும். வளாகத்துச் சேமிப்பு தீர்ந்துவிட்டால், 12,000 லிட்டர் லாரி ஒன்று இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே வந்தாக வேண்டும் என்று அர்த்தம். சாலையில் மரம் விழுந்து கிடந்தால் அது வராது. அதனால்தான் நிலையத்தின் தண்ணீர்க் கணக்கு மாவட்ட நிர்வாகத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

1993 மார்ச் 31 அன்று உத்தரப்பிரதேசத்தின் நரோராவில் டர்பைன் தீ விபத்துக்குப் பின் 17 மணி நேரம் நிலையம் முழுவதும் மின்சாரமின்றி இருந்தது. டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகள் ஸ்டீம் ஜெனரேட்டர்களுக்கு (உலை வெப்பத்தால் நீராவி உண்டாக்கும் கலன்கள்) தண்ணீர் அனுப்பியதால்தான் உலை குளிர்ந்தது. 1994 ஜூனில் குஜராத்தின் காக்ரபாரில் கனமழையில் ஏரி நிரம்பியது. மதகுகளைத் திறக்க முடியாமல், அடைக்கப்படாத கேபிள் பள்ளங்கள் வழியாக நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. 1999 டிசம்பர் 27 இரவு பிரான்ஸின் பிளாயே நிலையத்தில் புயல் அலை கரைச்சுவரைத் தாண்டி, நிலத்தடி வழிகளில் இறங்கிப் பாதுகாப்புப் பம்புகளை மூழ்கடித்தது. சாலையும் மூழ்கியதால் அடுத்த ஷிப்டு ஊழியர்கள் வந்துசேரத் தாமதமானது. 2011 மார்ச் சுனாமியில் ஜப்பானின் ஃபுகுஷிமா நிலையத்தில் டீசல் ஜெனரேட்டர்களோடு சுவிட்ச்போர்டுகளும் பேட்டரிகளும் நனைந்தன. நடமாடும் ஜெனரேட்டர் வண்டிகள் வந்து, பயன்படக்கூடிய ஒரு போர்டுக்குக் கேபிள் இழுத்து முடித்த நேரத்தில் 1-ஆம் உலையின் ஹைட்ரஜன் வெடிப்பு அதைச் சேதப்படுத்தியது. 5, 6-ஆம் உலைகளைக் காப்பாற்றியது, தனிக் கட்டடத்தில் இருந்த, காற்றால் குளிரும் ஒரே ஒரு டீசல் ஜெனரேட்டர்.

கட்டுமானத்தில் கைவைக்கும் அதிகாரம் தங்களிடம் இல்லை என்பதை அறிவோம். கேட்டுப் பெறும் அதிகாரம் உண்டு. நிலைய இயக்குநரிடமும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடமும் எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டியவை: டீசல் ஜெனரேட்டர்கள், சுவிட்ச்போர்டுகள், பேட்டரிகள் ஒவ்வொன்றும் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டரில் உள்ளன, புயல் அலை, உச்ச ஓதம் (கடல் ஏற்றம்), வளாகத்தில் தேங்கும் மழைநீர் மூன்றையும் கூட்டினால் நீர்மட்டம் எவ்வளவு, கேபிள் பள்ளங்களின் அடைப்புகளைக் கடைசியாகச் சோதித்த தேதி, வெளி உதவியின்றி ஏழு நாள் தாங்கத் தண்ணீரும் டீசலும் உள்ளனவா, நடமாடும் ஜெனரேட்டரின் கேபிள் முனை போர்டோடு பொருந்துகிறதா என்று இணைத்துப் பார்த்தார்களா. இரண்டு உலைகள், ஈனுலை, எரிபொருள் சேமிப்புக் குளங்கள், எரிந்த எரிபொருளை மறுசுழற்சி செய்யும் ஆலையின் கழிவுத் தொட்டிகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் கவனிக்க ஆட்கள் போதுமா என்பதையும் கேட்க வேண்டும். ஈனுலையில் தண்ணீர் பட்டால் தீப்பற்றும் சோடியம் இருப்பதால் வெள்ளநீர் அங்கே தனி ஆபத்து.

மதிலுக்கு வெளியே முதலில் காற்றின் திசை. புயலின் மையம் கல்பாக்கத்துக்குத் தெற்கே கரை கடந்தால் இங்கே வடகிழக்கு, கிழக்குக் காற்று வீசும். கதிரியக்கப் புகை உள்நாட்டுப் பக்கம், திருக்கழுக்குன்றத்தையும் பாலாற்றையும் நோக்கிப் போகும். கடல் அலையும் அப்போதுதான் ஏறும். வடக்கே கடந்தால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். சில மணி நேரத்தில் திசை சுழலும். ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் வெளியேற்றும் கணக்கு புயலில் பொய்த்துப்போகும். உலையைச் சுற்றியுள்ள 16 திசைப்பிரிவுகளுக்கும் மாற்று வழிகளோடு தனித்தனி அட்டவணை வேண்டும். கடலோரக் குப்பங்கள் மேற்கே போகப் பக்கிங்காம் கால்வாயைக் கடந்தாக வேண்டும். தெற்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை பாலாற்றுப் பாலத்தை நம்பியிருக்கிறது. ஒவ்வொரு பாலமும் எந்த நீர்மட்டத்தில் மூடப்படும் என்பதை முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலை எந்த ஒத்திகையிலும் காட்டியாக வேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் குப்பத்து மக்களை அருகிலுள்ள பாதுகாப்பு மையங்களில் சேர்க்கிறோம். அந்த மையம் உலையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருந்தால், அணு அவசரநிலையில் அவர்களை நாமே தவறான இடத்தில் குவித்தவர்களாகிறோம். வானிலை ஆய்வு மையம் 48 மணி நேரத்துக்கு முன்பே புயல் எச்சரிக்கை தருகிறது. அந்தக் கட்டத்திலேயே 5 கிலோமீட்டருக்குள் உள்ளோரை மேற்கே, திட்டத்தின் எல்லையான 16 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோவதுதான் எங்கள் முதல் கோரிக்கை. நடமாட முடியாதவர்களும் உள்நோயாளிகளும் இதில் முதலில். ஃபுகுஷிமாவில் ஃபுதாபா மருத்துவமனையையும் அதன் முதியோர் இல்லத்தையும் அவசரமாகக் காலி செய்ததில் ஏறத்தாழ 50 பேர் இறந்தனர். அவர்களைக் கொன்றது கதிர்வீச்சு அல்ல. மருத்துவர் இல்லாத நீண்ட பேருந்துப் பயணம், குளிர், சிகிச்சையின்மை.

கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டைக் காக்கும் அயோடின் மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பூட்டி வைத்தால் புயலன்று பயனில்லை. கதிரியக்க அயோடின் உடலுக்குள் போவதற்கு முந்தைய 24 மணி நேரத்திலிருந்து போன பின் 2 மணி நேரத்துக்குள் தந்தால் முழுப் பலன்; 8 மணி நேரம் வரை ஓரளவு; ஒரு நாள் கடந்தபின் தருவது நன்மையைவிடத் தீமை. பெரியவர்களுக்குப் பொட்டாசியம் அயோடைடு 130 மில்லிகிராம், 3 முதல் 12 வயது வரை பாதி, 1 மாதம் முதல் 3 வயது வரை கால், பிறந்த குழந்தைக்கு அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு). அரைக்கால் மாத்திரையை வீட்டில் யாரும் துல்லியமாக உடைக்க முடியாது. நொறுக்கித் தண்ணீரில் கரைத்து அளந்து தரும் முறையைத் தமிழில் அச்சிட்டு மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். 5 கிலோமீட்டருக்குள் வீடுதோறும் அக்டோபருக்கு முன்பே, அதற்கு வெளியே பள்ளி, ரேஷன் கடை வழியாக. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு முன்னுரிமை. இம்மாத்திரை தைராய்டை மட்டுமே காக்கும், மற்றொரு கதிரியக்கப் பொருளான சீசியத்தைத் தடுக்காது என்பதையும் அந்தத் தாளில் எழுத வேண்டும். கடலோர ஈரக்காற்றில் உறை பிரிந்த மாத்திரை கெடும் என்பதால் ஆண்டுதோறும் காலாவதித் தேதியைப் பார்த்து மாற்றும் பொறுப்பு கிராம சுகாதாரச் செவிலியரிடம் இருக்கட்டும்.

ஃபுகுஷிமாவின் அவசரநிலை மையம் உலையிலிருந்து 5 கிலோமீட்டரில் இருந்தது. மின்சாரம் போய், காற்று வடிகட்டியும் இல்லாததால் சில நாள்களிலேயே அதைக் கைவிட்டார்கள். கல்பாக்கத்துக்கான மாற்று மையம் செங்கல்பட்டில், தனி ஜெனரேட்டர், சாட்டிலைட் போன், வி.எச்.எஃப் வயர்லெஸ் ஆகியவற்றுடன் இருக்க வேண்டும். பேருந்து ஓட்டுநர்களின் பெயர்ப்பட்டியல், அவர்களுக்கான டோசிமீட்டர் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் கருவி), மாத்திரை எல்லாம் அங்கேயே இருக்கட்டும்.

அடுத்த வெளிவளாக ஒத்திகையைப் பகலில், அறிவித்த நேரத்தில் நடத்தாமல், இரவில், செல்பேசியை அணைத்துவிட்டு, ஒரு பாலத்தை மூடியதாக வைத்து நடத்துங்கள். அரக்கோணத்தில் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையும், திருக்கழுக்குன்றம் வட்டாட்சியரும், கிராம நிர்வாக அலுவலர்களும் கலந்துகொள்ளட்டும். எந்தக் கட்டத்தில் எத்தனை நிமிடம் தாமதம் என்ற பதிவைத் தமிழில் வெளியிட வேண்டும். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 31-ஆம் பிரிவு மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்கிறது. 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. பொறுப்பாளர் பட்டியலும் வாகனக் கணக்கும் காஞ்சிபுரம் காலத்தவையா என்பதையும் சரிபார்க்க வேண்டுகிறோம். ஃபுகுஷிமாவில் 20 கிலோமீட்டர் வரை வெளியேற்றியும், அதற்கு வெளியே இருந்த இதாதே கிராமத்தைப் பின்னர் காலி செய்ய நேர்ந்தது. ஆகவே 16 கிலோமீட்டரோடு நிறுத்தாமல் 30 கிலோமீட்டர் வரை கதிர்வீச்சு அளவீட்டுக்கும் உணவு, பால் கட்டுப்பாட்டுக்கும் முன்திட்டம் தேவை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், மேற்கண்ட கேள்விகளுக்கு நிலையமும் வாரியமும் தரும் பதில்களையும் ஒத்திகைத் தேதியையும் எங்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வரைபடம் தயாரிக்கவும் மாத்திரைத் தாள் எழுதவும் ஊதியமின்றி உதவ ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கையொப்பமிட்டோர்
இடம்: சதுரங்கப்பட்டினம்

நகல்: தலைவர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், மும்பை, வருவாய் நிர்வாக ஆணையர், சென்னை.