தூக்கத்தில் கைவைக்க நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

"தினமும் ரெண்டு மணி நேரம் தூக்கத்தைக் குறைச்சா போர்ஷன் முடிஞ்சிடும், சரிதானேக்கா?" என்று கேட்டிருந்தாய். போர்ஷன் முடியும். முடித்தது தலையில் நிற்குமா என்பதுதான் எனக்குக் கவலை.

உன்னைப் போன்ற மருத்துவ மாணவர்களுக்கு வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவள் நான். கண் சிவந்து வரும் பையனிடம், மேல்கை எலும்பு நடுவில் முறிந்தால் எந்த நரம்பு அடிபடும் என்று கேட்டால் "ரேடியல்" என்று பட்டென்று வரும். சரி, கை எப்படி இருக்கும் என்று கேட்டால், மணிக்கட்டு தொங்குவதைச் சொல்லாமல் அல்னார் என்ற வேறொரு நரம்பு அடிபட்டால் வரும் விரல் வளைவைச் சொல்லித் தொலைப்பான். அவன் படிக்காதவன் இல்லை, விடிய விடிய படித்தவன். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குச் செயல்திறன் இறங்கிவிடுகிறது என்று 1997இல் டாசன், ரீடு என்ற ஆய்வாளர்கள் நேச்சர் அறிவியல் இதழில் எழுதினார்கள். காலை 6 மணிக்கு எழுந்தவனுக்கு அது இரவு 11 மணி. நீ பார்மகாலஜி (மருந்தியல்) புத்தகத்தைத் திறப்பதே அப்போதுதானே!

"பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் நல்லா தூங்கிடுறேன்" என்பாய். அதுவும் செல்லாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வேதியியல் மாணவர்களின் கையில் பட்டை கட்டித் தூக்கத்தை அளந்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். தேர்வுக்கு முந்தைய ஒரு இரவின் தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே தெரியவில்லை. அதற்கு முந்தைய வாரமும் மாதமும் எப்படித் தூங்கினார்கள் என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது. எவ்வளவு நேரம் என்பதோடு, தினமும் ஒரே சீராகத் தூங்கினார்களா என்பதும் கணக்கில் வந்தது. அவர்கள் மருத்துவ மாணவர்கள் இல்லை. நன்றாகத் தூங்கியதால்தான் மதிப்பெண் வந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்லவும் முடியாது. ஆனாலும் பகலில் படித்ததை மூளை பதிய வைக்கும் வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது என்று பிசியாலஜியில் (உடலியங்கியலில்) நீயே படித்திருப்பாய். படித்துத் தேர்வும் எழுதிவிட்டு, நமக்கு மட்டும் அது பொருந்தாது என்று நினைப்பது நம் கூட்டத்துக்கே உள்ள வியாதி.

அப்புறம் அந்தக் காபி. கஃபீனின் அரை ஆயுள் சுமார் 5 மணி நேரம். இரவு 9 மணிக்குக் குடித்தால் 2 மணிக்கும் பாதி உடம்பில் இருக்கும். படுக்கப் போவதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது என்று 2013இல் ஓர் ஆய்வு வந்தது. மதியத்தோடு நிறுத்திக்கொள்.

நேரம் பற்றவில்லை என்றால் தூக்கத்தை விட்டுவிட்டு, படிக்கும் விதத்தில் கைவை. உன் புத்தகத்தைப் பார்த்தேன், பக்கம் முழுக்க மஞ்சள் கோடு. ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து முந்தி நின்றார்கள். ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். மஞ்சள் பேனாவை யாருக்காவது கொடுத்துவிடு.

சாப்பாடு, உடற்பயிற்சி பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. காலையில் ஏதாவது சாப்பிடு, தினமும் அரை மணி நேரம் நட, போதும்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதே. உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த கட்டுரையில், மருத்துவ மாணவர்களில் 27 சதவீதம் பேரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனால், அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொள்ளாதே. மனநல மருத்துவரைப் போய்ப் பார். தனியாகப் போகச் சங்கடமாக இருந்தால் எனக்கு ஒரு போன் போடு, நானும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா