உண்ட வீடு எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஜூலியஸ் சீசர் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் சீசரை விட்டுப் பிரிந்த அவருடைய தளபதி டைட்டஸ் லாபியேனஸை ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். உண்ட வீடு எது என்பதில்தானே வழக்கே இருக்கிறது?

கி.மு. 58 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், இன்றைய பிரான்ஸான கால் தேசத்தில் சீசருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் லாபியேனஸ். கி.மு. 52இல் சீசர் கெர்கோவியாவில் அடிவாங்கிய சமயம், இவர் இன்றைய பாரிஸ் பக்கம் நான்கு படையணிகளோடு மாட்டிக்கொண்டார். சுற்றிலும் பகைவர், நடுவில் செய்ன் ஆறு. இருட்டியதும் ஒரு சிறு படையை மூட்டை முடிச்சுகளோடு ஆற்றின் மேல்பக்கம் ஆர்ப்பாட்டமாகப் போகச் சொன்னார். ஓடங்களிலும் துடுப்புச் சத்தம் பலமாகக் கேட்க வேண்டும் என்பது உத்தரவு. அவரோ மூன்று படையணிகளுடன் சந்தடியில்லாமல் கீழ்ப்பக்கம் இறங்கி ஆற்றைக் கடந்துவிட்டார். எதிர்த்தரப்புத் தலைவர் கமுலோஜீனஸ் அந்தப் போரிலேயே மடிந்தார். இதை எழுதி வைத்திருப்பவர் சீசரேதான்.

கி.மு. 49 ஜனவரியில் சீசர் இத்தாலியின் எல்லையான ரூபிகான் ஆற்றைத் தாண்டினார். படையைக் கலைக்கச் சொன்ன ரோமின் ஆட்சி மன்றமான செனட்டை மீறி, அதே படையோடு இத்தாலிக்குள் நுழைந்தார். லாபியேனஸ் உடன் போகாமல், செனட்டுக்காகச் சீசரை எதிர்த்த ரோமானியத் தளபதி பாம்பே (Pompey) பக்கம் சேர்ந்தார். அந்தப் படை ரோமுடையதா, சீசருடையதா? ரோமுடையது என்றால் இரண்டகம் செய்தவர் வேறு ஆள்.

அதற்காக அவரைக் கொள்கைக் குன்றாக்கவும் நான் தயாரில்லை. அவருடைய சொந்தப் பகுதியான இத்தாலியின் பிசேனம், பாம்பேயின் கோட்டை. ஆரம்பத்திலிருந்தே அவர் பாம்பேயின் ஆள்தான் என்று வரலாற்றாய்வாளர் ரொனால்டு சைம் 1938இல் எழுதினார். சீசரோ தம் உள்நாட்டுப் போர் நூலில் இவர் ஏன் பிரிந்தார் என்று மூச்சே விடவில்லை. ஆனால் லாபியேனஸ் சொந்தப் பணத்தில் கட்டிய சிங்குலம் ஊர், தானே ஆளனுப்பிச் சீசர் பக்கம் சாய்ந்ததை மறக்காமல் குறித்திருக்கிறார். அந்த ஊரை யாரும் இரண்டக ஊர் என்று திட்டக் காணோம்!

அவரிடம் எனக்குக் கசப்பது வேறொன்று. கி.மு. 48இல், இன்றைய அல்பேனியாவிலுள்ள டைரேக்கியத்தில் நடந்த போரில் பிடிபட்ட சீசரின் வீரர்களைப் பாம்பேயிடம் கேட்டு வாங்கி, ‘தோழர்களே’ என்று அழைத்து, பழம்பெரும் வீரர்கள் புறமுதுகிடுவது வழக்கமோ என்று கேலி பேசி, எல்லோர் கண்முன்னும் கொன்றார். சீசர் சொல்வதுதான் என்றாலும் நெருடுகிறது.

கி.மு. 46 ஜனவரியில், இன்றைய துனிசியாவில், ருஸ்பினா போர். தலைக்கவசம் இல்லாமல் குதிரையில் முன்வரிசைக்கு வந்து, ‘என்னப்பா, புதுப்பயல், இவ்வளவு துள்ளுகிறாய்?’ என்று எதிரணி வீரன் ஒருவனைச் சீண்டினார். ‘நான் புதுப்பயல் இல்லை லாபியேனஸ், பத்தாம் படையணியின் பழைய ஆள்’ என்றான் அவன். முகம் தெரியட்டும் என்று தன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு எறிந்த ஈட்டி குதிரையின் மார்பில் இறங்கியது. கால் தேசத்தில் ஒரே பாசறையில் கிடந்தவர்கள் இவர்கள். உள்நாட்டுப் போர் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் வகுப்பில் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

கடைசிப் போர் கி.மு. 45 மார்ச் 17, ஸ்பெயினின் முண்டாவில். பாசறையைக் காக்க அவர் தம் இடத்தை விட்டு நகர, அவர் ஓடுகிறார் என்று நினைத்துச் சொந்தப் படையே கலைந்தது என்கிறார் பண்டைய ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. அங்கேயே லாபியேனஸ் இறந்தார். சீசர் தரப்பார் அவருக்கு இறுதிச் சடங்கு செய்தார்கள். இந்தச் செய்தியையாவது அடுத்த இதழில் சேர்க்கக் கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
காரைக்குடி.