ஓட்டர் நடைபாதை: நாள் குறிக்கும் முன் திதி பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழில் நம் தென்னாப்பிரிக்காவின் சிட்சிகாமா கடற்கரையில், ஓட்டர் நடைபாதை வழியே ஐந்து நாள் நடப்பதற்கு எப்படித் தயாராவது என்று வெளிவந்த பயணக் கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். முதுகுப்பை, காலணி, மழைச்சட்டை பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான்காம் நாள் ப்ளோக்ரான்ஸ் ஆற்றைக் கடப்பதைப் பற்றி, கடல் வடிந்த நேரத்தில் கடந்துவிட வேண்டும் என்ற ஒற்றை வரியோடு அவர் நகர்ந்துவிட்டார். அந்த வரியில்தான் முழுப் பயணத்தின் திட்டமும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. அதை விரித்துச் சொல்வதே இக்கடிதத்தின் நோக்கம்.

நடைபாதையைப் பற்றி அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். ஸ்டார்ம்ஸ் ரிவர் முகத்துவாரத்தில் தொடங்கி மேற்கே நேச்சர்ஸ் வேலி வரை கடலை ஒட்டியே செல்லும் இப்பாதையின் நீளம் ஏறக்குறைய 42 கிலோமீட்டர். 1964-இல் அறிவிக்கப்பட்ட சிட்சிகாமா தேசியப் பூங்காவில் 1968-இல் இது திறக்கப்பட்டது. அந்தப் பூங்கா 2009 முதல் கார்டன் ரூட் தேசியப் பூங்காவின் ஒரு பகுதியாக இருக்கிறது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் புறப்பட அனுமதி இல்லை. இரவு தங்கும் நான்கு இடங்களிலும் அறுவர் படுக்கக்கூடிய இரண்டு மரக்குடில்கள் மட்டுமே உண்டு. ஆகவே விடுமுறைக் காலத்து நாட்கள் கிட்டத்தட்ட ஓராண்டுக்கு முன்பே பதிவாகிவிடுகின்றன.

ஓராண்டுக்கு முன் நாள் குறிக்கும்போது அந்த நாளில் மழை பெய்யுமா, காற்று அடிக்குமா, உடன் வருபவருக்கு முழங்கால் வலி வருமா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. கடல் எத்தனை மணிக்கு வடியும் என்பது மட்டும் தெரியும். தெரிந்த அந்த ஒன்றை விட்டுவிட்டு, பிள்ளைகளின் பள்ளி விடுமுறையையும் அலுவலக விடுப்பையும் மட்டும் பார்த்துப் பதிவு செய்துவிட்டு, புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறும், வடியும் நேரங்களின் பட்டியலைத் தேடுவதுதான் எங்கள் வட்டாரத்தில் வழக்கமாக இருக்கிறது. அதற்குள் நாளை மாற்ற வழியிருக்காது.

முதல் நாள் ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவு. இரண்டாம், மூன்றாம் நாட்கள் எட்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நான்காம் நாள்தான் நீண்டது. ஓக்ஹர்ஸ்ட் குடிலிலிருந்து ஆந்த்ரே குடில் வரை ஏறத்தாழ பதினான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும், அதில் பத்தாவது கிலோமீட்டரில் ப்ளோக்ரான்ஸ் ஆறு குறுக்கிடுகிறது. அங்கே பாலம் இல்லை. என்-2 நெடுஞ்சாலையின் புகழ்பெற்ற உயரமான பாலம் இதே ஆற்றின் மீதுதான் இருக்கிறது, ஆனால் அது உள்நாட்டுப் பக்கம், பள்ளத்தாக்கின் தலைக்கு மேலே. நடப்பவர் முகத்துவாரத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும். மலையிலிருந்து தேநீர் நிறத்தில் வரும் ஆற்று நீர் செங்குத்தான பாறைகளுக்கு இடையே கடலைச் சந்திக்கும் இடம் அது. கடல் நன்றாக வடிந்து, மழையும் இல்லாதிருந்தால் மணல்மேட்டின் மீது இடுப்பளவுக்கும் குறைந்த நீரில் நடந்தே அக்கரை சேரலாம். கடல் ஏறியிருந்தால் அதே இடத்தில் அலை உள்ளே புகுந்து பாறையில் மோதித் திரும்பும், பையைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் கட்டி மிதக்கவிட்டு நீந்த வேண்டியிருக்கும். நீந்தத் தெரியாத ஒருவர் குழுவில் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இனித் திதிக்கு வருகிறேன். நம் வீடுகளில் சமையலறைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி, சஷ்டி, ஏகாதசி எல்லாம் விரதத்துக்காக அச்சாகியிருக்கின்றன. அவையே ஓதத்துக்கும் முதல் கணக்கு. இக்கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் காலை ஒன்பது, பத்து மணி அளவில் மிகத் தாழ வடிகிறது. அதன்பின் நாளொன்றுக்குச் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகிறது. எனவே சதுர்த்தியன்று நண்பகலை ஒட்டி வடியும். அஷ்டமியன்று பிற்பகல் மூன்றரை, நான்கு மணி ஆகிவிடும், அதோடு நீரும் அவ்வளவு தாழ இறங்காது.

இந்தக் கணக்கை நான்காம் நாளோடு பொருத்திப் பாருங்கள். கரடுமுரடான பாதையில் பத்து கிலோமீட்டர் நடக்கச் சாதாரணக் குழுவுக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும், கடல் முழுதும் வடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே ஆற்றங்கரையில் இருப்பது நல்லது. பௌர்ணமியன்று கடப்பதென்றால் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். அஷ்டமியன்று கடப்பதென்றால் கடந்தபின் இன்னும் நான்கு கிலோமீட்டர் ஏற்ற இறக்கம் பாக்கியிருக்க, குளிர்காலத்தில் ஐந்தரை மணிக்குள் இருட்டிவிடும். சதுர்த்தியில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆறு மணியை ஒட்டிப் புறப்பட்டு, நண்பகலுக்குச் சற்று முன் ஆற்றைக் கடந்து, ஈரத் துணியை வெயிலில் உலர்த்தி, சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் குடிலுக்குப் போய்ச் சேரலாம். நான்காம் நாள் சதுர்த்தியாக அமைய வேண்டுமானால் முதல் நாள் பிரதமையாக இருக்க வேண்டும், அதாவது பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோ மறுநாள் புறப்பட வேண்டும். அந்த இடம் கிடைக்காவிட்டால் ஒரு நாள் முன்பின் இருந்தாலும் பாதகமில்லை. பகல் நீண்ட கோடையில் ஆற்றைக் கடக்கும் நாள் சஷ்டி வரை தள்ளிப்போனாலும் சமாளிக்கலாம். அஷ்டமி, நவமி ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் இந்த ஒரு விஷயத்தில் மறுத்துப் பேசாதீர்கள்.

இரண்டு சதுர்த்திகளில் தேய்பிறைச் சதுர்த்தியையே நான் தேர்ந்தெடுப்பேன். வளர்பிறையில் நிலவு முன்னிரவிலேயே மறைந்துவிடும், அதிகாலை கும்மிருட்டாக இருக்கும். சங்கடஹர சதுர்த்தி விரதத்துக்காக இரவில் காத்திருந்து பார்க்கும் அதே தேய்பிறை நிலவு மறுநாள் விடியும்போது மேற்கு வானில் இன்னும் நிற்கும். பாதை செல்லும் திசையும் மேற்கு. ஜூன் மாதத்தில் ஏழு மணிக்குப் பிறகே வெயில் வரும் இக்கரையில், வேர்களும் ஈரக்கற்களும் நிறைந்த காட்டுப் படிகளை ஏறும்போது அந்த வெளிச்சம் எவ்வளவு உதவும் என்பது நடந்தவர்களுக்குத் தெரியும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். இந்தியாவில் கணிக்கப்பட்ட நாள்காட்டியில் திதி தொடங்கும், முடியும் நேரங்கள் இந்திய நேரப்படி அச்சானவை, அந்தக் கடிகாரம் நம் தென்னாப்பிரிக்க நேரத்தைவிட மூன்றரை மணி முன்னே ஓடுகிறது. அதனால் சில மாதங்களில் ஒரு நாள் வேறுபடலாம். மேலும், திதி மாதத்தில் எந்த வாரம் என்று காட்டுமே தவிர, மணியையும் நிமிடத்தையும் காட்டாது. பதிவு செய்யும் முன் தென்னாப்பிரிக்கக் கடற்படையின் நீரியல் அலுவலகம் ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில் அந்த நாளின் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கடல் கணக்குக்கு உட்பட்டது, ஆறு உட்படாது. சிட்சிகாமாவில் மழைக்கென்று தனிப் பருவம் இல்லை, ஆண்டின் எந்த மாதத்திலும் கொட்டலாம். மலையில் பலத்த மழை பெய்திருந்தால் சதுர்த்தி நண்பகலிலும் ப்ளோக்ரான்ஸ் வெள்ளமாகவே ஓடும். அதற்காகவே பாதை நெடுகிலும் மேட்டுநிலத்துக்கு ஏறித் தப்பும் வழிகள் குறிக்கப்பட்டுள்ளன, ஆற்றுக்குச் சற்று முன்னாலும் ஒன்று உண்டு. ஆற்று நிலவரத்தைப் புறப்படும் நாளிலேயே பூங்கா ஊழியர்களிடம் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். வழி தவறினாலோ நீர் மிகுந்தாலோ யார் முடிவெடுப்பது என்பதையும் குழு முதல் நாளிலேயே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். கரையில் நின்றுகொண்டு வாக்கெடுப்பு நடத்துவது ஆபத்து, ஏனெனில் பன்னிரண்டு பேரில் துணிச்சலான ஒருவரின் குரல்தான் எப்போதும் உரக்கக் கேட்கும்.

புறப்படும் நேரத்தைத் தீர்மானிக்க என்னிடம் ஒரு வழி உண்டு. மூன்றாம் நாள் நடையில், குழுவில் மிக மெதுவாக நடப்பவர் குடிலை அடைந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், முதலில் வந்தவரின் நேரம் எதற்கும் உதவாது. அந்த எட்டு கிலோமீட்டருக்கு அவருக்கு ஆன நேரத்தோடு கால் பங்கு கூட்டினால் மறுநாள் ஆறு வரை ஆகும் நேரம் வந்துவிடும். அதற்கேற்பப் பைகளை இரவே கட்டிவைக்க வேண்டும். துணி, தீப்பெட்டி, மருந்து ஆகியவை தனித்தனி உறையில் இருக்கட்டும். ஆற்றில் இறங்கும்போது காலணியைக் கழற்ற வேண்டாம், அடியில் கூரிய கற்கள் உண்டு.

உணவைப் பற்றிக் கட்டுரையாளர் பில்டாங் என்ற உப்பிட்டு உலர்த்திய இறைச்சியைப் பெரிதும் சிபாரிசு செய்திருக்கிறார். செப்டம்பர் விடுமுறையில் போகிறவர்களுக்குப் புரட்டாசி விரதம் குறுக்கே நிற்கும் என்பதை அவர் மறந்துவிட்டார் போலும். முதல் இரண்டு நாளுக்குப் புளியோதரையும், பிறகு அவலும் பருப்புப்பொடியும் போதும். குடிலில் மின்சாரம் இல்லை, விறகு ஈரமாக இருக்கக்கூடும், ஆதலால் சிறிய எரிவாயு அடுப்பு ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஐந்து நாள் சுமக்க இயலாத பெரியவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. முகத்துவாரத்திலிருந்து அருவி வரையிலான முதல் மூன்று கிலோமீட்டர் பகலில் வந்து திரும்புவோருக்கும் திறந்திருக்கிறது. பாறைமேல் தாவித் தாவிச் செல்லும் அந்தத் தொலைவு, குழுவில் யார் யாரைச் சேர்க்கலாம் என்று பார்க்கவும் நல்ல சோதனை. போர்ட் எலிசபெத்தில் எங்கள் மலபார் பகுதியிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான்.

கடற்கரைகளையும் நிறம் பார்த்துப் பிரித்த சட்டம் 1990-இல்தான் நீக்கப்பட்டது. அதனால், டர்பனில் வலை இழுத்துப் பிழைத்த குடும்பங்களைத் தவிர்த்தால், நம்மவர்களில் பலருக்குக் கடலின் ஏற்ற இறக்கம் வீட்டில் கேட்டுப் பழகிய பேச்சாக இல்லை. திதியோ எல்லோருக்கும் பழகியது. ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு இதழிலும் வெளியிடும் பஞ்சாங்கப் பக்கத்தில் பிரதமை முதல் சஷ்டி வரையிலான நாட்களுக்கு எதிரே, மொசல் பே அல்லது போர்ட் எலிசபெத் துறைமுகத்தின் பகல்நேரக் கடல் வடியும் மணியையும் அச்சிட வேண்டும். ஆண்டுக் கடைசி இதழில் அடுத்த ஆண்டு முழுவதற்குமான பட்டியலை வெளியிட்டால், பதிவு செய்ய இருப்போர் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டே நாள் குறித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
மலபார், போர்ட் எலிசபெத்.