ஆப்பில் பச்சை, கன்னில் மின்சாரம் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்வாகனம் பற்றி எந்தச் செய்தியை எடுத்தாலும் புதிதாக எத்தனை சார்ஜிங் ஸ்டேஷன் திறந்தார்கள் என்ற கணக்குதான் வருகிறது. திறந்ததில் எத்தனை வேலை செய்கிறது என்றும் எழுதுங்கள். சார்ஜிங் ஸ்டேஷன்களைக் காட்டும் ஆப்பில் பச்சையாக, அதாவது வேலை செய்கிறது என்று காட்டுகிறதே என்று நம்பி, பேட்டரி தீரும் நேரத்தில் போய்க் கன்னை (சார்ஜர் கேபிளின் முனையில் இருக்கும் பிளக்கை) வண்டியில் செருகினால், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது.

சார்ஜரில் இருக்கும் சிம் கார்டு நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பில் இருந்து, சார்ஜரும் தானாக எந்தக் கோளாறையும் சொல்லவில்லை என்றால் ஆப் பச்சை காட்டிவிடும். கன் உடைந்திருந்தால் அதை நேரில் போய்ப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். கார்களுக்கான வேக சார்ஜரில் பரவலாக இருக்கும் சிசிஎஸ் வகைக் கன்னை ஒருமுறை உற்றுப் பாருங்கள். மின்சாரம் போவது தடித்த பின்கள் வழியே. வண்டியும் சார்ஜரும் பேசிக்கொள்வது மேலே இருக்கும் சிறிய பின் வழியே. கன்னை மாட்டி வைக்காமல் தரையில் போட்டுவிட்டுப் போகிறார்கள், அந்தச் சிறிய பின்னில் மண்ணும் ஈரமும் ஏறினாலே போதும், சார்ஜ் தொடங்காது. தடித்த பின் தேய்ந்து தொடர்பு தளர்ந்தால் அந்த இடம் சூடேறும், சூட்டைக் கண்டதும் சார்ஜர் வேகத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்திவிடும். நாம் வண்டியைத்தான் சந்தேகப்படுவோம்.

இன்னொன்று, ஃபில்டர். வேக சார்ஜருக்குள் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், தூசி அடைத்த ஃபில்டரை மாற்றாமல் விட்டால் வெயில் காலத்தில் 60 கிலோவாட் சார்ஜர் அந்த முழு வேகத்தைத் தராது. அப்புறம் அந்தச் சிவப்பு எமர்ஜென்சி பட்டன்! யாரோ அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள், அதைத் திருகி வெளியே எடுத்து ரீஸ்டார்ட் செய்ய ஆள் வராமல் சார்ஜர் நாள்கணக்கில் செத்துக் கிடக்கும்.

பிரிட்டனில் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொது சார்ஜர்களை நடத்தும் நிறுவனம், ஆண்டு சராசரியாக 99 சதவீத நேரம் அவற்றை இயங்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று 2023-இல் விதி கொண்டுவந்தார்கள். இப்படி ஒரு விதி எல்லா இடத்திலும் வர வேண்டும். அதோடு, கன்னைச் செருகியவர்களில் எத்தனை பேருக்கு முதல் தடவையிலேயே சார்ஜ் ஏறியது என்ற கணக்கையும் கேட்டு வாங்க வேண்டும். சார்ஜரில் ஒட்டியிருக்கும் உதவி எண்ணை எடுப்பவர் புகாரைப் பதிவு செய்துகொண்டால் மட்டும் போதாது. அங்கிருந்தே ரீஸ்டார்ட் செய்து பார்க்கட்டும், சரியாகவில்லை என்றால் அந்த நிமிடமே ஆப்பில் அந்தப் பச்சையை எடுத்துவிடட்டும்.

இப்படிக்கு,
மின்கார் ஓட்டும் ஒரு வாசகர்